பேண்டுக்கு முன்னால் உன் நாற்காலி

என் உயிரான அண்ணா,

நீ போன பிறகு நம் பேண்டு கத்துகிறது. வேறு எப்படிச் சொல்ல? சாலைக் கடைத்தெருவில் அதே துணிக்கடை மாடி, அதே பதினாறு பேர், நீ எழுதிய அதே ஜாஸ். ஆனால் டிரம்பெட்டும் டிராம்போனும் சாக்ஸபோனும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. உன் காலத்தில் படியில் வந்து நின்று கேட்ட துணிக்கடைக்காரர் இப்போது கதவைச் சாத்திக்கொள்கிறார்.

பியானோவிலிருந்து என்னை எழுப்பி, பேண்டை நடத்த உன் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் இரண்டு கைகளையும் தாழ்த்துகிறேன். யாரும் தணிவதில்லை. கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் நினைவாகக் கச்சேரி. அதோடு பேண்டைக் கலைத்துவிடலாம் என்கிறார்கள். உன்னை இரண்டாம் முறை தூக்கிக்கொண்டு போவதை நான் எப்படிப் பார்ப்பேன்?

நேற்று விழிஞ்ஞத்து ஜோசப் டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டே தன் மலையாளத் தமிழில் சொன்னான்: "சேச்சி, அண்ணனோட எல்லாம் தீந்துபோச்சு. இனி நமக்கு நிறுத்தலாம், கேட்டோ."

"ஒரே ஒரு தடவை வாசிங்கடா" என்றேன்.

பாதியில் அழுகை முட்டியது. பின்னால் கிடந்த உன் மர நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

பேண்டு அடங்கியது, அண்ணா. யாரும் நிறுத்தவில்லை. எல்லாரும் மூச்சுவிடுகிற அளவுக்கு மெல்ல வாசித்தார்கள். டிரம்ஸில் பிரஷ் உரசுவது கேட்டது. மின்விசிறி முனகுவதும் கேட்டது.

அப்போதுதான் புரிந்தது. நீ கையை ஆட்டியதே இல்லை. மெதுவாக வேண்டுமென்றால் உட்காருவாய், முழு பலமும் வேண்டுமென்றால் எழுவாய். இவ்வளவு நாளும் அது அவர்களுக்கே தெரியாது, உடம்பு மட்டும் மறக்கவில்லை. "பியானோ கட்டையையே பாக்காதடி, தலையத் தூக்கு" என்று எத்தனை தடவை திட்டியிருப்பாய்! நான் தூக்கினேனா?

அடுத்தது எல்லாரும் சேர்ந்து கூரையைப் பெயர்க்க வேண்டிய கட்டம். அவர்களோ அதே மெல்லிய இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள்.

"எழும்புங்க சேச்சி" என்றான் ஜோசப். அவன் கண் நிறைந்திருந்தது.

என்னால் முடியவில்லை, அண்ணா. நான் எழுந்தால் உன் நாற்காலி காலியாகிவிடுமே. அதை அத்தனை பேருக்கும் எப்படிக் காட்டுவேன்?

கடைசியில் ஒவ்வொருவராக வாசிப்பதை நிறுத்தினார்கள். கலைக்கிற பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுந்துவிடுகிறேன். உன் நாற்காலி காலியானாலும் எழுந்துவிடுகிறேன்.

குனிந்த தலை நிமிராத உன் தங்கை,
மீனா