ஆளில்லாத கேட்

புல்வெளிக் கூடாரம்,
ரெஜைனாவிலிருந்து இரண்டு மணி நேரம்,
கனடா
8 ஜூன் 2024

என் வீட்டுக்காரருக்கு ராதாமணி எழுதிக்கொள்வது.

நான் சௌக்கியம். கலாவும் பேத்தியும் சௌக்கியம். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து தலை நின்றுவிட்டது. நீங்கள் இருமல் மருந்தை வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை பாட்டிலைப் பார்த்தே குணமாகிவிட்டதா?

போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம், இங்கே சிக்னல் கிடையாது. ஊருக்குத் திரும்பியதும் கலா இதைப் படம் எடுத்து வைபரில் அனுப்புவாள். அதுவும் நல்லதுதான். நாம் பேசினால் பாதியில் அங்கே மீ, அதான் கரண்டு, போய்விடுகிறது, விசிறியோடு உங்கள் குரலும் நின்றுவிடுகிறது.

கலா வீட்டுக்குப் பக்கத்தில் ஷப்னம் என்று ஒருத்தி இருக்கிறாள் என்றேனே, நம் யாங்கோன் தாகேதாவில் பிறந்த பெண், முதியோர் இல்லத்தில் வேலை. அவளுக்கு லீவு கிடைத்தால் வீட்டில் கால் தரிக்காது. காரில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு புல்வெளிக்குக் கிளம்பிவிடுவாள். "வாங்கக்கா, ரெண்டு நாள் கலா சமாளிச்சுக்குவா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இது பெரிய பார்க் இல்லை. ஒரு சின்ன அணை, நாலு வில்லோ மரம், கையால் அடிக்கும் தண்ணீர் பம்பு, தூரத்தில் பலகைக் கக்கூஸ். கரண்டும் இல்லை, கடையும் இல்லை. மிச்சமெல்லாம் புல். காற்று வந்தால் அத்தனை புல்லும் ஒரே பக்கம் சாய்கிறது. ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம். நானே ஆறு முளை அடித்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் கையில் வந்த கொப்புளத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் வாசல் கேட்டில் ஆளே இல்லை. ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. உறையில் பெயரை எழுதி, கட்டணத்தை வைத்துப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். யார், எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கடலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று முப்பத்தொரு வருஷமாக "அடுத்த வருஷம்" சொல்லும் மனுஷரைக் கட்டிக்கொண்டு, கடைசியில் புல்லைப் பார்க்க வந்திருக்கிறேன். இதுவும் கடல் மாதிரிதான் இருக்கிறது, உப்பு மட்டும் இல்லை.

ஜூலை டிக்கெட்டை அக்டோபருக்குத் தள்ளலாம் என்கிறாள் கலா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
ராதா

*

பசுந்தாங், யாங்கோன்
20 ஜூன் 2024

ராதாமணிக்கு வேலப்பன் எழுதுவது. ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரிகிறதே என்று அமீர் அலி ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்சுப் போடச் சொன்னேன். போடுகிற போதே அவன் படித்துவிட்டான். "என்ன கோ வேலப்பன், அக்கா கூடாரத்துல இருக்காங்களாமே, வீட்டை விட்டுத் துரத்திட்டீங்களா?" என்று மொஹிங்கா நூடுல்ஸ் கடையில் வைத்துக் கேட்கிறான். உன் கொப்புளத்தையும் இந்தத் தெரு பார்த்தாயிற்று.

ஐந்து மாடி ஏறி இறங்க மூட்டு வலி என்று அழுத நீ, துணி வீட்டில் தரையில் படுத்திருக்கிறாய். ஐம்பத்தெட்டு வயதில் இது தேவையா? இருமல் போய்விட்டது. மழை பிடித்துவிட்டது. சமையலறைச் சுவர் மறுபடியும் ஒழுகுகிறது, உன் பித்தளை அண்டாவை அதற்கடியில் வைத்திருக்கிறேன். திட்டாதே.

ஒன்று கேட்கிறேன். முளை அடிக்குமுன் அந்த இடத்துக்கு உரியவரிடம் கேட்டாயா? இங்கே ஒரு மரத்தடியில் ஒதுங்குவதென்றாலும் நாட் தெய்வத்திடம் சொல்லிவிட்டுத்தான் ஒதுங்குகிறோம். கனடா என்றால் இடத்துக்கு ஆள் இல்லாமல் போய்விடுமா? அடுத்த முறை போனால் ஒரு தேங்காய், ஒரு சீப்புப் பழம் வைத்து, "தங்க வந்திருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் படு. கேட்காமல் ஒரு இடத்தில் நுழையக்கூடாது ராதா.

அக்டோபர் வரை இருப்பதென்றால் இரு. நானா தடுக்கப்போகிறேன்? நேற்றுச் சோறு குழைந்துவிட்டது, அவ்வளவுதான்.

வேலப்பன்

பி.கு: கேட்டில் ஆளே இல்லை என்று எழுதியிருந்தாயே. நிஜமாகவா? தூரத்தில் எங்காவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நன்றாகப் பார்.

*

இன்னொரு புல்வெளி, அதே கூடாரம்
6 ஜூலை 2024

என் வீட்டுக்காரருக்கு,

அண்டாவையா வைத்தீர்கள்? வந்து பேசிக்கொள்கிறேன். அமீர் அலி தம்பிக்கு: இதையும் படிப்பாய் என்று தெரியும். அவர் டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி கேட்டால் போட விடாதே.

நீங்கள் சொன்ன மாதிரியே போன வாரம் செய்தேன். தேங்காய் உடைத்து, பழம் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, பர்மியப் பேச்சில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை கேட்டேன். வந்தார். தெய்வம் இல்லை, ரக்கூன் என்று ஒரு பிராணி. கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம், கை மட்டும் மனுஷன் கை. குடும்பத்தோடு வந்து பழத்தைத் தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று கூடார வலையைக் கிழித்துத் தலையை உள்ளே நீட்டினார். ஷப்னம் போட்ட சத்தத்தில் அணைத் தண்ணீரிலிருந்த வாத்தெல்லாம் பறந்துபோயிற்று. காலையில் பார்க்கைக் கவனிக்கும் அம்மாள் வந்து, வெளியே தின்பண்டம் வைக்கக்கூடாது என்று அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூலால் வலையைத் தைத்திருக்கிறேன். உங்கள் வேண்டுதல் பலித்த லட்சணம் இது.

இப்போது தெய்வத்திடம் வாயால் மட்டும் கேட்கிறேன். பழத்தை நாங்களே சாப்பிட்டுவிடுகிறோம்.

நீங்கள் கேட்டதற்காக இந்த இடத்தின் கேட்டையும் நடந்துபோய்ப் பார்த்தேன். கதவே இல்லை. மாடு தாண்டாமல் இருக்கத் தரையில் இரும்புக் குழாய் பதித்திருக்கிறார்கள். மூன்று மைலுக்கு ஒரு தலையும் தெரியவில்லை. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. வானம் எழுதினேன், காற்று எழுதினேன், கொப்புளம்கூட எழுதினேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நீங்கள் கேட்டையே ஏன் கேட்கிறீர்கள்?

இப்போது பெரிய விஷயம். நான் இங்கேயே நிரந்தரமாகத் தங்க கலா விண்ணப்பம் தயார் செய்துவிட்டாள். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. என்னிடம் இருப்பது குடிமக்கள் அட்டை, உங்களிடம் இருப்பது உங்கள் அப்பா காலத்திலிருந்து வரும் வெளிநாட்டார் அட்டை, அதை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் வாங்கி நீங்கள் வர முடியாது என்று அவளுக்கும் தெரியும். "அப்பா அங்கே பழகிட்டாரும்மா" என்கிறாள். நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்து இன்னும் போடவில்லை. எனக்கு இந்தப் புல்வெளி பிடித்திருக்கிறது, பேத்தியை விட்டு வர மனசில்லை, இதையெல்லாம் மறைக்கமாட்டேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? மழுப்பாமல் எழுதுங்கள்.

ராதா

*

பசுந்தாங்
22 ஜூலை 2024

ராதாமணிக்கு,

இந்தக் கடிதத்தை அமீர் அலியிடம் கொடுக்கவில்லை. நானே தட்டுத் தடுமாறிப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஓரத்தில் கட்டைவிரல் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்.

கையெழுத்துப் போட்டுவிடு.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் காகிதத்தை மூடி வைத்திருந்தேன். மழுப்பாமல் எழுது என்றாய். அதனால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

நம் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பு, அலோன் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேனே, அப்போது நாங்கள் ஏழு பேர் சாங்தா கடற்கரைக்குக் கிளம்பினோம். என் கூட்டாளி பிரேம்நாத்தும் வந்தான். என் மாதிரி அட்டைக்காரன் ஊரைத் தாண்ட குடியேற்ற ஆபீஸில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். கிடங்கு முதலாளி கொடுத்த கடிதம் போதும் என்று நினைத்துவிட்டேன். வழியில் ஒரு சோதனைக் கேட்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாருடைய அட்டையையும் வாங்கினார்கள். எங்கள் ஏழு பேரில் ஆறு பேர் அட்டை திரும்பி வந்தது, என்னுடையது வரவில்லை. "இறங்கு" என்றார்கள்.

"எந்த ஊர்?" என்று கேட்டில் இருந்தவன் கேட்டான். பசுந்தாங் என்றேன். "அதைக் கேட்கவில்லை. உன் ஊர் எது?" என்றான். பசுந்தாங் என்றேன். அங்கேதானே பிறந்தேன், வேறென்ன சொல்ல? மூன்றாவது தடவை கேட்டபோது பஸ் ஜன்னலெல்லாம் தலை. பெண்கள், குழந்தைகள். கடைசியில் பஸ் போயிற்று, நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஒரு அரிசி லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் காய்ச்சல் என்று சொன்னேன். இன்றுவரை எல்லாரிடமும் காய்ச்சல்தான்.

நீ கடலுக்குப் போகலாமா என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த பஸ் ஜன்னல்தான் தெரிந்தது. அதில் உன் முகமும் இருக்கும். லீவு இல்லை என்றேன், மழை என்றேன், அடுத்த வருஷம் என்றேன். ரிட்டயர் ஆனபிறகும் லீவு இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டேன், நீ சிரித்தாய்.

பெயரை எழுதிப் போட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று நீ எழுதினாயே, அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த மாதிரி இடத்தில் நீ இரு. என்னால் அங்கே வர முடியாது. இங்கே உன்னை எங்கும் கூட்டிப்போகவும் எனக்கு முகம் இல்லை. நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை, அது வேறு விஷயம்.

வேலப்பன்

*

முதல் தடவை வந்த அதே அணை
10 ஆகஸ்ட் 2024

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்ட வேண்டும் போல இருக்கிறது. பழக்கம் இல்லாததால் தப்பித்தீர்கள்.

எனக்குத் தெரியும். கல்யாணமான ஆறாம் மாதமே தெரியும். பிரேம்நாத் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார், நீங்கள் கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தீர்கள். லெஃபெட் தேயிலை ஊறுகாய்த் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு முழுவதும் சொன்னார். "நானும் எறங்கியிருக்கணும் தங்கச்சி, எறங்கலை" என்று சொல்லி அழுதுவிட்டார். உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் மிளகாய் காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வருஷா வருஷம் கடலுக்குப் போகலாமா என்று கேட்டேனே, கடலுக்காக என்றா நினைத்தீர்கள்? இந்த வருஷமாவது வாய் திறந்து சொல்வார் என்றுதான். நீங்கள் லீவு இல்லை என்பீர்கள், நான் சரி என்பேன். இப்படியே ஒரு ஆயுசு ஓடிவிட்டது.

ஆனால் உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தெரியும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லட்டும், சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கேட்டுக் கேட்டு நானும் உங்களை அந்தப் பெஞ்சிலேயே உட்கார வைத்திருக்கிறேன் என்று இங்கே புல்லில் உட்கார்ந்து படித்தபோதுதான் உறைத்தது. ஷப்னம் சோறு வடித்துவிட்டுக் கூப்பிடுகிறாள், எழுந்து போகமுடியவில்லை. நன்றாக அழுதேன்.

பஸ் ஜன்னலில் என் முகம் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் தப்பு. ஜன்னலில் ஏன் என் முகம் இருக்கும்? உங்களை இறக்கினால் நானும் இறங்குவேன். பெஞ்சில் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா இருக்காதா? நான் என்ன பிரேம்நாத்தா?

கையெழுத்துப் போடமாட்டேன். கலாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், பிறகு அவளே அக்டோபர் 12-க்கு டிக்கெட் போட்டாள். அடுத்த வருஷம் குழந்தையோடு வருகிறாளாம். பார்ப்போம்.

ஷப்னம் புதுக் கூடாரம் வாங்கப் போகிறாள். இந்தப் பழையதை எனக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டு பேர் படுக்கலாம், வாசலில் ரக்கூன் தையல் இருக்கிறது. முளை நான் அடிக்கிறேன். சீட்டு நீங்கள் வாங்குங்கள். சாங்தாவுக்கு.

சீட்டுக் கொடுக்கவில்லை என்றால் கூடாரத்தை நம் மாடியிலேயே அடிப்போம். ஆனால் போய்க் கேளுங்கள். கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
ராதா

*

பசுந்தாங்
5 செப்டம்பர் 2024

என் ராதாவுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு பிரேம்நாத் வீட்டுக்குப் போனேன். படித்துக் காட்டினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இன்றைக்கு மிளகாய் காரமில்லை என்றான். சாங்தாவில் அவன் சம்பந்திக்கு ஒரு விடுதி இருக்கிறது. பின்னால் தென்னந்தோப்பில் கூடாரம் போட்டுக்கொள்ளலாமாம், பெயர் விவரமெல்லாம் விடுதிப் புத்தகத்தில் எழுதிவிடுவார்கள்.

நேற்று ஆபீஸுக்குப் போனேன். சட்டையை இஸ்திரி போட்டு, நல்ல லோஞ்சி கட்டிக்கொண்டு போனேன். ஃபாரம் நீளம். பயணத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம். முன்னால் நின்றவர்கள் வைத்தியம், கல்யாணம், துக்கம் என்று எழுதினார்கள். எனக்கும் வைத்தியம் என்று எழுதக் கை போயிற்று. அந்தக் காய்ச்சல் ஞாபகம் வந்தது. பேனாவை எடுத்துவிட்டு, "மனைவி கடல் பார்க்க வேண்டும் என்கிறாள்" என்று எழுதினேன்.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். கலாவைவிட இளையவள். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எப்போதிலிருந்து கேட்கிறார்?" என்றாள். முப்பத்தொரு வருஷமாக என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஃபாரத்தை வாங்கி ஒரு கட்டுக்கு அடியில் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, எடுத்து மேலே வைத்தாள். செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றாள்.

கிடைக்குமா என்று தெரியாது. கிடைத்தாலும் வழியில் கேட் இருக்கும், ஆளும் இருப்பான். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு காய்ச்சல் கதை ஆகிவிடும். பாதி போயிருக்கிறது. மீதிக்கு நீ வா.

அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்கு. இறங்க வேண்டி வந்தால் நான் முன்னால் இறங்கி உனக்கு வழி விடுகிறேன்.

உன்
வேலப்பன்