மில்லுக்காரன் ஊட்டுல கடை அரிசி

ரோசத்துக்குப் பேர்போன என் அக்காவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிடுச்சு. பொன்னேரியில நீ நடத்தின அரிசி மில்லு ஓடிக்கினுதான் இருக்குது, பேருக்கு. முதலாளி ஆன உன் மருமகன் வாசல்ல பெரிய போர்டு மாட்டினாரு. சுழல் நாற்காலி, டெலிபோன் எல்லாம் வந்துச்சு. மில்லை எப்படி முன்னுக்குக் கொண்டாரதுன்னு மெட்ராசு ஆளுங்களை வெச்சு கூட்டம் வேற.

நெல்லு ஊறுற தொட்டியைக் கழுவத்தான் நாதியில்லை. பழைய தண்ணியிலயே புது நெல்லைக் கொட்டுறாங்க. அரிசி நாறுதேன்னா, ஐ.ஆர்.எட்டு நெல்லே அப்படித்தானாம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

நீ தினம் தண்ணியை மாத்தி, தொட்டிக்குள்ள தலையை விட்டு மோந்து பார்ப்பே. நெல்லு அவிச்சு அரைக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு படி நம்ம ஊட்டுல பொங்கித் தின்ன அப்புறம்தான் மூட்டை வெளியே போகும். இதுல இன்னா பெரிய வித்தை இருக்குது? இதுக்குக் கூட்டம் போடணுமா?

உன் திவசத்துக்கு உக்காந்தேன். சோறு பூவாட்டம் இருந்துச்சு, வாடையே இல்லை. திருந்திட்டாருன்னு மனசு குளுந்து போச்சு. கை கழுவப் போனா, கொல்லையில கும்மிடிப்பூண்டி மில்லு முத்திரை குத்தின கோணி கிடக்குது.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நம்ம அரிசி வாடை அடிக்குது மாமா. வந்தவங்க இன்னா நினைப்பாங்க?"ன்னாரு, கூச்சமே இல்லாம.

தெரிஞ்சேதான் செய்யறாரு, அக்கா! ஊருக்கு நாத்த அரிசி, தனக்கு நல்ல அரிசி. அப்புறம் விசாரிச்சா மாசக்கணக்கா அந்த ஊட்டுல கடை அரிசிதானாம். தூ, இதுவும் ஒரு பொழப்பா? நம்மகிட்ட நெல்லு போட்ட குடியானவங்க வண்டியைக் கும்மிடிப்பூண்டிக்குத் திருப்பிட்டாங்க. அடுத்த அறுப்புக்கும் இப்படியே போனா நீ கட்டின மில்லுக்குப் பூட்டுதான்.

மறுநாளே நம்ம மூட்டை ஒண்ணை அவரு சமையல்கட்டுல இறக்கிட்டு, கடை அரிசியைத் தூக்கிக்கினு வந்துட்டேன். இனிமே இதைத்தான் பொங்கணும்னு உன் பொண்ணுகிட்ட சொன்னேன். அவ அன்னிக்கே பொங்கிப் போட்டா. ரெண்டு வாய் தின்னாரு, எழுந்துட்டாரு.

நேத்து சாயங்காலம் முதலாளி பட்டுக்கரை வேட்டியோட வந்து, தொட்டியை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கினாரு. அந்தப் பக்கம் அவரு வந்ததே இப்பத்தான்.

அடுத்த திவசத்துக்கு உன் இலையில நம்ம தொட்டி அரிசிதான், அக்கா. அதுவரைக்கும் அந்த ஊட்டுக்குள்ள வேற அரிசி நுழையாது. வாசல்ல நான் இருக்கேன்.

நீ பொங்கினதை முணுமுணுத்துக்கினே தின்ன
உன் தம்பி