என் அட்டையில் விழுந்த ஓட்டைகள்

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

உன் நாத்தனார் எழுதுவது. எல்லோரும் நலம் என்று வழக்கம்போல ஆரம்பித்து, அந்த வரியை நானே அடித்துவிட்டேன். மேலே கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான். போனில் பேசியிருக்கலாம். ஆனால் என் ரகசியக் குரல் எதிர்வீட்டு மாடிவரை கேட்கும் என்பது உனக்குத் தெரியாததா? உன் புருஷன் அடுத்த அறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். அதனால் எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன். நாத்தனார் கடிதம் என்றதும் குறை சொல்லத்தான் என்று முகம் சுளிக்காதே. குறை இருக்கிறது. உன்மேல் இல்லை.

முதலில் நீ கேட்ட விஷயம். "அவர் பிறந்தநாளுக்கு ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கிக் கொடுங்க அண்ணி, கையைக் கடிக்காத விலையில" என்று சொல்லியிருந்தாய் அல்லவா? சுடுதளத்தில் படுத்தபடியே, தூரத்து அட்டையில் குண்டு எங்கே விழுந்தது என்று பார்க்கிற அந்த ஒற்றைக் குழல். உன் புருஷனும் ஆறு மாதமாக இதே புலம்பல்தான். "துப்பாக்கி சரியில்லக்கா, தோட்டா சரியில்லக்கா, குண்டு எங்க போகுதுன்னே தெரியல, ஒரு ஸ்கோப் இருந்தா திருத்திக்குவேன்." ஒரு காலத்தில் கிளப் சாம்பியன் என்று மார்தட்டியவன், அட்டையைக் கழற்றிய கையோடு சுருட்டிச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டானே என்று எனக்கு வருத்தம். வருத்தத்துக்குள்ளே ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது, பொய் சொல்வானேன். ஏனென்றால் அதே ஆறு மாதத்தில் பக்கத்துத் தடத்தில் படுத்துச் சுடுகிற நான் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

நான் என்றால், யார் நான்? நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்து பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். குடும்பமாகச் சேர்ந்தால் சந்தா பாதி என்று உன் புருஷன் ஆசை காட்டியதால் கிளப்பில் சேர்ந்தவள். ஊசியில் நூல் கோர்க்கிற கண் எனக்கு, துப்பாக்கி எம்மாத்திரம் என்று பேசிக்கொண்டு திரிந்தேன். "இந்த ஆண்டின் சிறந்த முன்னேற்றம்" என்று எனக்குக் கோப்பை வேறு கொடுத்தார்கள். மூச்சை எப்படிப் பிடிப்பது, விரலை எப்படி அழுத்துவது என்று புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தேன். அந்தக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று கேட்காதே. கடை வாசலில், கண்ணாடிக்குப் பின்னால், விளக்குப் போட்டு.

சரி, ஸ்கோப். எங்கள் கிளப் செயலாளரைத் தெரியுமே, ஓய்வுபெற்ற பல் டாக்டர்? அவரிடம் யோசனை கேட்டேன். வாயைத் திறக்கச் சொல்லாத குறையாக உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "பெட்டி மேல அறுபது மடங்குன்னு போட்டிருக்கும், மயங்கிடாதீங்கம்மா. ஐம்பது மீட்டருக்கு இருபது, இருபத்தஞ்சு மடங்கு தாராளம். அதுக்கு மேல திருகினா படம் இருட்டும், வெயில்ல காத்து கொதிக்கிறதுதான் தெரியும். கண்ணு வைக்கிற பக்கம் சாய்வா இருக்கிறதா வாங்குங்க, படுத்துக்கிட்டுப் பார்க்கக் கழுத்து சுளுக்காது. மிச்சக் காசை முக்காலியில போடுங்க. ஸ்டாண்டு ஆடினா எந்தக் கண்ணாடியும் வீண்" என்றார். அப்படியே மனதில் குறித்துக்கொண்டு தம்பியையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

விலையைக் கேட்டதும் முதல் அதிர்ச்சி. நல்ல கண்ணாடி என்று கடைக்காரர் எடுத்து வைத்ததன் விலையில் நான் இன்னொரு தையல் மெஷின் வாங்கி, அதற்கு ஆளும் போடலாம். மாடி ஜன்னலோரம் வரிசையாக ஸ்கோப்புகளை நிறுத்தி, தெருமுனை மருந்துக்கடைப் பலகையைப் பார்க்கச் சொன்னார். உன் புருஷன் ஒன்றைப் பார்த்தான், "பனி மூட்டமா இருக்கு" என்றான். அடுத்ததைப் பார்த்தான், அதிலும் மூட்டம். கடைக்காரர் ரோஷப்பட்டு இருப்பதிலேயே உசத்தியானதை எடுத்து, துடைத்து, தானே குவித்துக் கொடுத்தார். அதிலும் அதே மூட்டமாம். நான் பார்த்தேன், மருந்துக்கடைக்காரர் மூக்கு நோண்டுவது வரை தெரிந்தது. கடைசியில் இவன், "எல்லாம் ஒண்ணுதான்கா, இருக்கிறதுலயே மலிவானதை எடு" என்றான். எனக்கு வாயெல்லாம் பல். என் தம்பிக்குச் சிக்கனம் வந்துவிட்டது, பெண்டாட்டி வெளிநாட்டில் கஷ்டப்படுவது உறைத்துவிட்டது என்று பூரித்துப் போனேன். இதைவிடப் பெரிய முட்டாளை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

மலிவு ஸ்கோப் பழுதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சாய்வுக் கண், வெள்ளைத் தாளில் ஓட்டை மிளகு மாதிரி தெரிகிறது. கறுப்பு வட்டத்துக்குள் விழுந்ததைத்தான் கொஞ்சம் தேட வேண்டும். இன்று காலை அதைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோனோம். முக்காலியை எங்கள் இரண்டு தடத்துக்கும் நடுவில் நிறுத்தி, நான்தான் முதலில் கண்ணை வைத்தேன். புத்தம் புது அட்டை, என்னுடையது. என் துப்பாக்கி இன்னும் உறைக்குள் இருக்கிறது. பக்கத்தில் உன் புருஷன் படுத்துச் சுட்டான்.

என் கண் முன்னாலேயே, என் அட்டையில், ஓர் ஓட்டை பிறந்தது.

நான் துப்பாக்கியைத் தொடவே இல்லை, அம்மாடி! தலையைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கு அந்தப் பக்கத்துத் தடம் பல் டாக்டருடையது. மனிதர் தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மறுபடி கண்ணை வைத்தேன். தம்பி சுட்டான், முதல் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று. ஸ்கோப்பை அவன் அட்டைக்குத் திருப்பினேன். துவைத்து மடித்த துணி மாதிரி வெள்ளை வெளேர்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? தம்பியின் கதி இல்லை. என் கோப்பை! பயிற்சி நாளில் எங்கள் கிளப்பில் யாரும் தோட்டாவை எண்ணுவதில்லை. அட்டையில் உள்ளதிலேயே நல்ல பத்து ஓட்டைகளைக் கூட்டிப் போடுவதுதான் பழக்கம். அப்படியானால் இந்த ஆறு மாத முன்னேற்றம் யாருடையது? நான் வகுப்பெடுத்த மூச்சு யாருடைய மூச்சு? மானம் கப்பலேறியது. அது ஏறி முடிக்கும் முன்பே அடுத்தது உறைத்தது. பக்கத்து அட்டைக்கும் தன் அட்டைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருத்தன் எப்படிச் சுடுவான்? ஒவ்வொரு அட்டைக்கு மேலும் என் உள்ளங்கை அளவுக்குத் தடத்தின் எண் எழுதியிருக்கிறதே!

"டேய், என் அட்டையில உனக்கென்னடா வேலை?" என்று கேட்டேன். அவன் விழித்தான். கையைப் பிடித்து இழுத்துப் போய் அட்டையைக் காட்டினேன். கிட்டே போய், தாளில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று தடவிப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் நல்லாத்தான் சுட்டிருக்கேனாக்கா?" என்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நான் எப்படித் திட்டுவது, சொல்லு.

பிறகு ஒவ்வொன்றாகக் கறந்தேன். எண் தெரியாததால் இடப்பக்கச் சுவரிலிருந்து கறுப்புப் பொட்டுகளை எண்ணித் தன் அட்டையைக் கண்டுபிடிப்பானாம். மழையில் சாய்ந்த, சுவரோரம் அட்டை மாட்டுகிற மரச்சட்டத்தைக் கிளப்பில் எப்போதோ கழற்றிவிட்டார்கள். இவனுக்கு அதுவும் தெரியவில்லை. கணக்கு ஒன்று தள்ளி, என் அட்டையில் வந்து விழுந்திருக்கிறது. கறுப்பாக ஒரு பொட்டு மங்கலாகத் தெரிந்தாலே போதும், அவன் கை தானாகக் குறி பிடித்துவிடும். கை அப்படியே இருக்கிறது. கண்தான் இல்லை. "கொஞ்ச நாளா ரெண்டு கண்ணுலயும் புகை மாதிரிக்கா, வயசானா வர்றதுதானே" என்றான்.

அப்போதுதான் எனக்கு அவன் வேலை ஞாபகம் வந்தது. நாளை திங்கட்கிழமை. பள்ளிப் பேருந்து நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இவன்தானே ஓட்டிப் போவான்! "பஸ்ஸை எப்படிடா ஓட்டுற?" என்றேன். "அந்த ரோடு எனக்கு மனப்பாடம்கா" என்கிறான், சர்வசாதாரணமாக. "ரோடு மனப்பாடம், சரி. குறுக்க ஓடுற பிள்ளையும் மனப்பாடமாடா?" என்று நான் போட்ட சத்தத்தில் பல் டாக்டர் டீயைக் கொட்டிக்கொண்டார். அந்தப் பிள்ளைகளின் தோளும் இடுப்பும் எனக்கு அளவு தெரியும், அம்மாடி. எல்லாருக்கும் சட்டை தைத்தது நான். பாதிப் பேருக்கு வளருவார்களே என்று விளிம்பில் துணி விட்டுத் தைத்திருக்கிறேன்.

டாக்டரிடம் போகலாம் வா என்றால் அசைய மாட்டேன் என்கிறான். வேலை போய்விடும் என்று பயம். அதைவிடப் பெரிய பயம் நீ. "அவகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துருவா. இத்தனை நாள் பல்லைக் கடிச்சிட்டு இருந்தது வீணாப் போயிரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நான் எப்போது ரகசியம் காத்தேன்?

இப்போதைக்கு ஆகவேண்டியதைச் செய்திருக்கிறேன். பேருந்துச் சாவி என் மெஷின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, தம்பிக்குப் பயங்கர வயிற்றுப்போக்கு, நாளைக்கு மாற்று டிரைவரைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். விவரம் வேண்டுமா என்றதும் அவர்களே போனை வைத்துவிட்டார்கள். கண் ஆஸ்பத்திரியில் நாளைக் காலைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். புரையாக இருந்தால் அறுவை செய்து சரியாக்கிவிடலாம், வேறாகவும் இருக்கலாம், பார்க்காமல் சொல்ல முடியாது என்று பல் டாக்டர் சொல்கிறார். ஆனால் அக்கா பேச்சை இவன் என்றைக்குக் கேட்டான்? "நாளைக்கு மட்டும்தான் லீவு, சாவியைக் கொடுக்கலேன்னா ஸ்கூல்ல வேற சாவி இருக்கு" என்று கத்திவிட்டுப் படுத்தவன்தான். நீ சொன்னால் கேட்பான். நீ ஓடி வர வேண்டாம். காலையில் எழுந்ததும் போன் செய்து, உன் குரலில் ஒரே ஒரு தடவை "போயிட்டு வாங்க" என்று சொல். எனக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டாயே என்று அவன் என்னோடு சண்டை போடட்டும். அது எனக்குப் பழக்கம்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை மூடி மூடித் திறந்தேன். போன மாதம் நீ என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாயே: "வீடியோவுல பேசறப்ப போனை முகத்துல ஒட்டிக்கிறாரு அண்ணி, இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் ஆசை பொங்குது." நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் உன் முகத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான், அம்மாடி.

அதனால் நாளைக்கு அழைக்கும்போது, விளக்குக்கு நேராக வந்து உட்கார். அழாதே, அழுதால் அவனுக்குத் தெரியாது, ஆனால் கேட்கும். கொஞ்சம் சத்தமாகவே சிரி. நீ நன்றாக இருக்க வேண்டும். உன் முகத்தை அவன் தள்ளி நின்று பார்க்கிற நாள் சீக்கிரம் வர வேண்டும்.

கோப்பைக்குப் போட்ட விளக்கை அணைத்துவிட்ட,
உன் நாத்தனார்