கிண்ணத்துக்கு அந்தப் பக்கம்

ஜூன் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டதாக உன் அண்ணன் சொன்னார். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனில் பேச ஆரம்பித்தால் வாலு ஓடிவந்து பிடுங்கிக்கொள்கிறாள், அதுவும் உண்மைதான். அதனால்தான் மருந்துக்கடையில் ஆள் வராத மத்தியான நேரத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ வந்திருந்தபோது நாம் அறிவியல் கூடத்துக்குப் போய்வந்த கதை வீட்டில் இன்னும் ஓயவில்லை. உன் அண்ணனைக் கேட்டால் அங்கே கப்பியும் கயிறும் தவிர வேறு எதுவுமே இல்லை என்பார். நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத் தானே மேலே இழுத்துக்கொள்ளும் கயிறு. லிஃப்ட் மெக்கானிக்கை அங்கே கூட்டிப் போனது நம் தப்பு. விளக்கம் சொல்ல வந்த பெண்ணுக்கே விளக்கம் சொல்லி, வரிசையில் நின்ற பிள்ளைகளின் சாபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டார். வாலுவுக்கு எலும்புக்கூடுதான் பிடித்தது. நாம் சைக்கிள் மிதித்தால் கண்ணாடிக்குள் அதுவும் கூடவே மிதிக்குமே, அது. "எனக்குள்ளயும் ஒருத்தர் இருக்காராம்மா?" என்று தினமும் முழங்காலைத் தட்டிப் பார்க்கிறாள்.

எனக்கு மனதில் நிற்பது வேறு. அந்தப் பாதிக் கண்ணாடி. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து விளக்கைத் திருகினால் இரண்டு முகமும் ஒன்றாகக் கலக்குமே. நானும் வாலுவும் உட்கார்ந்தபோது மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கமாகப் பூதம் மாதிரி வந்தது. எல்லோரும் சிரித்தோம். அப்புறம் என் இடத்தில் நீ உட்கார்ந்தாய். யாரும் சிரிக்கவில்லை. நெற்றி மேல் நெற்றி, தாடை மேல் தாடை. அந்த விளக்கப் பெண் போகிற போக்கில், "அம்மாவும் பொண்ணும் அப்படியே அச்சு" என்றாள். நீயும் அவளைத் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கிசுகிசுக் கிண்ணம். கூடத்தின் இரண்டு கோடியிலும் ஆள் உயரத்துக்கு ஒவ்வொன்று. ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து இந்தக் கிண்ணத்துக்குள் முணுமுணுத்தால், அந்தக் கோடியில் இருப்பவர் காதில் பக்கத்தில் நின்று சொன்னது போல விழுகிறது. நீ ஒரு கோடி, வாலு ஒரு கோடி. நீ வெகுநேரம் எழவே இல்லை. எழுந்து வந்தபோது கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் அவளை மடியை விட்டு இறக்கவும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை, கால் தரையில் இடிக்கிறது, அப்படியும் விடவில்லை.

நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவளிடம் ஏதாவது சொன்னாயா? இல்லை என்று ஒரு வரி எழுதிவிடு. நிம்மதியாகத் தூங்குவேன்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 17

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே பிரித்துப் படித்தேன். படித்த கையோடு ஒருவரின் மூக்குக்கண்ணாடியில் வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். வாசல் வரை போய், தலை சுற்றுகிறது என்று திரும்பி வந்தார். முதலாளியிடம் நான் வாங்கிய திட்டில் பாதி உங்களுக்குச் சேரும்.

உங்களிடம் பொய் சொல்ல வரவில்லை அண்ணி. சொன்னேன். முதலில் விளையாட்டாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நான் யானை, அவள் எறும்பு. எறும்பு யானையை மிரட்டியது. அப்புறம் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. எதிரில் வெறும் வெள்ளைக் கிண்ணம், யார் முகமும் இல்லை. முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது. "ஒரே ஒரு தடவை என்னை அம்மான்னு கூப்பிடுடா கண்ணு. யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன்.

கூப்பிட்டாள் அண்ணி. கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு காதுக்குள் ஊதினது போல, மெல்ல, ஒரே தடவை. கண்ணைத் திறந்தால் போய்விடுமோ என்று பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது கையெல்லாம் சோப்பு நுரையாக நின்று, ஒன்றுமே நடக்காதது போலச் சிரித்தாள். கள்ளி.

அவளைக் கொடுத்தது நான்தான். கட்டினவன் விட்டுப் போனான், பெற்ற கையோடு நான் படுத்துவிட்டேன், பால் கொடுக்கக்கூட எழுந்திருக்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டால் அவள் பிழைத்திருக்க மாட்டாள். அதை ஒரு நாளும் மறக்க மாட்டேன். ஆனால் இப்போது எனக்கு உடம்பு சரியாகிவிட்டது அண்ணி. உங்கள் ஊரில் எங்கள் கடைக்குப் புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே மாற்றல் கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும் போலிருக்கிறது.

அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ தெரிகிறது. இல்லாவிட்டால் கேட்டதும் ஏன் கூப்பிட வேண்டும்? அவளிடம் சொல்லிவிடலாமே. நீங்கள் அம்மா இல்லை என்றா ஆகிவிடும்?

அன்பு மறவாத,
சின்னவள்


ஜூன் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. நீ லென்ஸை மாற்றி மாட்டினால் தலைதான் சுற்றும். நான் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு அட்டையையும் இரண்டு முறை படித்துத்தான் கொடுக்கிறேன்.

உன்னை வராதே என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அண்ணன் வீடு உன் வீடு. ஆனால் அவளிடம் சொல்லாதே, உன் காலில் விழுகிறேன். நேற்று அவளுக்கு முன்பல் விழுந்தது. பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, நான் உடையறேனா?" என்று அழுதாள். ஒரு பல்லுக்கே இப்படி நடுங்குகிறவளிடம் போய் இதையா சொல்லச் சொல்கிறாய்?

என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு கையெழுத்து இல்லை, ஒரு சாட்சி இல்லை. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாய், வாங்கிக்கொண்டேன். அதே போல நாளை நீ கையை நீட்டினால் என்ன சொல்லித் தடுப்பேன்? யார் கதவைத் தட்டினாலும் முதலில் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன். பால்காரரைக்கூட வாசலில் நிற்கவைத்துவிட்டேன் என்று உன் அண்ணனுக்குக் கோபம். அவரிடம் சொன்னால், "என் தங்கச்சிதானே வரா, என்னமோ திருடன் வர்ற மாதிரி பேசுற" என்கிறார். அவருக்கு நீயும் ரத்தம், அவளும் ரத்தம். நடுவில் நான்தான் வெளி ஆள்.

இன்னும் கொஞ்சம் வருஷம் போகட்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஜூலை 5

அண்ணி,

வியாழக்கிழமை புதுக் கிளையைப் பார்க்க உங்கள் ஊருக்கு வந்திருந்தேன். சொல்லாமல் வந்தது தப்புதான். திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்தது. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வாசலில் போய் நின்றேன். யார் நீங்கள் என்று காவலாளி கேட்டார். அத்தை என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அத்தைன்னு ஒருத்தங்க வந்தா பிள்ளைய விடக்கூடாதுன்னு அவங்க அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. தள்ளி நில்லுங்க" என்றார்.

யார் வந்தாலும் விடாதே என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு வலித்திருக்காது. அத்தை என்றே சொல்லியிருக்கிறீர்கள். நான் என்ன பிள்ளை பிடிக்கிறவளா?

எதிர்ச் சாரியில் ஒரு வேனுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீங்கள் வந்தீர்கள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனீர்கள். அவள் எதையோ காட்ட நின்றாள், நீங்கள் நிற்கவில்லை. இப்படிப் பயந்து பயந்து எத்தனை நாள் அவளை வளர்ப்பீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நானே அவளிடம் சொல்கிறேன், மெதுவாகத்தான் சொல்வேன். அவள் வாயால் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். அதைக் கேட்ட பிறகு அத்தை வேஷம் போட என்னால் முடியாது.

சின்னவள்


ஜூலை 8

சின்னவளே,

ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் கைக்கு வரவேண்டும் என்று இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

அன்று கூப்பிட்டது அவள் இல்லை. நான்.

நீங்கள் யானையும் எறும்புமாக விளையாடிக்கொண்டிருந்தபோது, சோப்புக் குமிழிக்குள் ஆளை நிற்கவைக்கப் போகிறோம் என்று மணி அடித்தார்கள். வாலு குதித்து இறங்கினாள். "அம்மா, என் இடத்தைப் பிடிச்சு வை. வேற யாராவது உக்காந்துடுவாங்க. அத்தைகிட்ட சொல்லாத" என்று என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு ஓடினாள். நான் சும்மா இடம் பிடித்துத்தான் உட்கார்ந்திருந்தேன். உன் குரல் வந்தது. என் தோளில் தலையை வைத்துச் சொன்னது போல இருந்தது.

எழுந்து போயிருக்கலாம். இருமியிருக்கலாம், நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதில் வராவிட்டால் நீ மறுபடியும் கேட்பாய் என்று தோன்றியது. கிண்ணத்தில் கேட்டது போதாமல் வீட்டில் கேட்பாய், அவள் முகத்தைப் பார்த்தே கேட்பாய். ஒரு தடவை என்றுதானே கேட்கிறாள், கொடுத்துவிட்டால் மனசு ஆறிப் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன். முணுமுணுப்பில் யார் குரலைக் கண்டுபிடிக்க முடியும்? குழந்தை மாதிரிச் சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்து அந்த எலும்புக்கூட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அதற்குள் அவள் நுரைக் கையோடு ஓடிவந்து உன் பின்னால் நின்றாள்.

உன் மேல் இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. பயத்தில் சொன்னேன். ஒன்றும் தெரியாதது போல முதல் கடிதத்தில் உன்னைக் கேட்டதும் பயத்தில்தான், நேரிலும் அவளிடம் ஏதாவது சொல்லிவிட்டாயோ என்று. இப்போதும் பயத்தில்தான் எழுதுகிறேன். உன் அண்ணனுக்கும் இது தெரியாது.

அவளுக்கு உள்ளுக்குள் எதுவும் தெரியாது. அவள் உன்னைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வராதே.

அண்ணி


ஆகஸ்ட் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தேன். நீ வரவில்லை. சாயங்காலம் வாய்விட்டே அப்பாடா என்றேன். அடுத்த ஞாயிறும் நீ வரவில்லை. போன் செய்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. கடையில் கேட்டால் வேலையை விட்டுவிட்டாள் என்கிறார்கள். உன் அண்ணன் கிளம்பி உன் அறைக்கே போய்வந்தார். பூட்டு தொங்குகிறது. "ஒரே ஒரு பையோட போனா. தபால் வந்தா எடுத்து வைங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்னா" என்று வீட்டுக்காரம்மா சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்க எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடியும் உன்னைத் தேடக் கிளம்பினார். மூன்று நாள் கழித்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது, நீ கிடைக்கவில்லை என்று.

முன்பு கதவு தட்டினால் நீயாக இருக்குமோ என்று பயந்தேன். இப்போது திறந்து பார்த்து நீ இல்லை என்றதும் பயப்படுகிறேன். நீ சுவரைப் பார்த்துக் கிடந்த நாட்கள் நினைவுக்கு வந்து தொலைகின்றன. அன்று உனக்குச் சோறு ஊட்டியதும் நான்தான், உன்னைத் தனியாக விடாமல் குளியலறை வாசலில் காவல் நின்றதும் நான்தான். உனக்கு அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. அதையும் தபாலில் போட்டுப் பிடுங்கிக்கொண்டேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்க எனக்குக் கை வரவில்லை.

நேற்று அவளிடம் சொல்லிவிட்டேன். நீ சொல்லவேண்டியதை நான் சொன்னேன், அதற்கும் சேர்த்துத் திட்டு. தலை பின்னிக்கொண்டே, அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னேன். "நீ அத்தை வயித்துலதான் இருந்தே. அப்போ அவங்களுக்கு உடம்பு முடியல. அதனால உன்னை என்கிட்ட குடுத்தாங்க." இத்தனை வருஷமாக நான் நினைத்து நினைத்து நடுங்கிய நேரம் அதுதான். அழுவாள், என் கையைத் தட்டிவிடுவாள் என்று சீப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பாதிப் பின்னலோடு திரும்பி, "இது அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தெரியும் என்றேன்.

"தெரிஞ்சுமா என்னைப் பாக்க வரல?"

வந்தார்கள், நான்தான் பள்ளிக்கூட வாசலிலேயே தடுத்தேன் என்று சொன்னேன். அவள் என் கையிலிருந்து சீப்பைப் பிடுங்கிக்கொண்டாள். மீதித் தலையை அவளே கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். நான் பின்னாலேயே போய், அந்தக் காவலாளியிடம் உன் பெயரைச் சொல்லி, எப்போது வந்தாலும் பிள்ளையை அவளோடு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

சாயங்காலம் வந்ததும் மறுபடியும் கேட்டாள், அத்தை எப்போ வருவாங்க என்று. எங்கே இருக்கிறாய் சின்னவளே? வர மனமில்லாவிட்டால் வேண்டாம், என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

அண்ணி