நீ கொண்டுவந்த நெல்

இன்று காலை, நீடாமங்கலத்தில் மகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த விதைச் சாக்கை அவிழ்த்தேன். காய்ந்த நொச்சி இலை வாசம் குப்பென்று வந்தது. பூச்சி அண்டாமல் இருக்க நீ போடுவாயே, அவளும் போட்டிருக்கிறாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

குடவாசலிலிருந்து நீ கல்யாணமாகி வந்து இறங்கியபோது, பித்தளைப் பாத்திரங்களோடு ஒரு மூட்டை மாப்பிள்ளைச் சம்பா விதையும் இறங்கியது. “மாப்பிள்ளையப் பாத்தா தெம்பு பத்தாது போலருக்கு, அதான் நெல்லும் சேத்து அனுப்பிட்டாங்க” என்று என் அக்கா கேலி செய்தாள். நீ சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

அறுப்புக்கு முன் விதைக்கதிர் எடுக்க நீதான் வயலில் இறங்குவாய். நெட்டை, குட்டை, முந்திப் பழுத்தது, பிந்திப் பழுத்தது, மேட்டில் நின்றது, பள்ளத்தில் நின்றது என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் அறுத்து மடியில் கட்டுவாய். “நல்ல கதிரா பாத்து எடுத்தாப் போதாதா? இதென்ன கதம்பம்?” என்பேன்.

“நம்ம வீட்டுல எல்லாரும் ஒரே மாதிரியாவா இருக்கோம்? உங்களயும் சேத்துத்தான வச்சிருக்கோம்!”

உன்னிடம் வாய் கொடுத்து நான் என்றைக்கு ஜெயித்தேன்?

நீ போன பிறகு அந்த வேலை என்னிடம் வந்தது. எனக்குப் பார்க்க அழகாக இருக்க வேண்டும். கொழுத்துத் தொங்கிய கதிர்களையே வருடாவருடம் எடுத்தேன். வயல் ஒரே மட்டமாக நின்றது. போகிறவர் வருகிறவரெல்லாம் பாராட்டினார்கள். போன தையில் மழை பிடித்துக்கொண்டது. உன் காலத்திலும் அப்படிப் பெய்ததுண்டு. கொஞ்சம் சாயும், கொஞ்சம் நிற்கும், விதைக்குப் பஞ்சம் வந்ததில்லை. இந்த முறை ஒன்றாகப் பழுத்தது ஒன்றாகவே சாய்ந்து, தண்ணீரில் கிடந்து கதிரிலேயே முளைத்துவிட்டது. விதைக்கு ஒரு பிடி மிஞ்சவில்லை. உன்னோடு வந்த நெல் நம் வீட்டில் இல்லை என்று ஆனபோது, உன்னை இரண்டாம் முறை பறிகொடுத்தது போல அழுதேன்.

மகளுக்குச் சீரோடு நீ விதை கொடுத்தனுப்பியது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. போய்க் கேட்டேன். அள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். மணி சற்று நீண்டு, நிறம் கருத்திருந்தது.

“இது அம்மா நெல்லு இல்லியேம்மா?”

“அதுதாம்ப்பா. எங்க வயலு பள்ளம். தண்ணியில தாக்குப்புடிச்சு நின்னதுல கலந்து கலந்து எடுத்தேன். இங்க இருந்து இருந்து இப்படி ஆயிடுச்சு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா கொடுத்ததை அப்படியே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

“அம்மா மட்டும் தாத்தா வீட்டு நெல்ல அப்படியேவா வச்சிருந்தாங்க? குடவாசல் மாமா வயல்ல போயிப் பாருங்க, அது வேற மாதிரி இருக்கும்.”

உன் மகளாயிற்றே! சாக்கை விரித்துப் பிடித்தேன்.

விதை இப்போது தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. உன் அம்மா கையில் ஒரு மாதிரி, உன் கையில் ஒரு மாதிரி, மகள் கையில் ஒரு மாதிரி வளர்ந்த நெல். இனி என் கை. தை பிறந்ததும் அரிவாளோடு நான்தான் இறங்க வேண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுப்பேன். என்னிடம் இது என்னவாக மாறுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது.