சொக்கம்மாள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனது

உ
இராயபுரம்,
ஸ்ரீமுக வருஷம், மாசி மாதம்.

ரங்கூனில் இருக்கும் என் மகன் வரதனுக்கு அம்மா கெங்கம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் மகள் சொக்கம்மாளும் வேளைக்குச் சாப்பிட்டு நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகள் செல்லம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடுதாசி வந்தது. இடுப்புப் பிசகின பெண்ணை மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறாயே, உனக்குப் புத்தி கெட்டுப் போயிற்றா, அடுத்த கப்பலில் ரங்கூனுக்கு ஏற்றிவிடு, இங்கே மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன் என்று கோபமாக எழுதியிருக்கிறாய். கோபம் நியாயம்தான். நர்ஸ் வேலை பழகப் போன புதிதில் ஒரு நோயாளியைத் தனியாளாக, மீன்கூடை தூக்குகிற மாதிரிக் குனிந்து தூக்கப் போய்த்தானே விழுந்தாள். நம் வீட்டுப் பெண்களுக்கே அந்த வீறாப்பு உண்டு, யாரையும் கை கொடு என்று கேட்க மாட்டார்கள். மழைக்காலம் பூராவும் பாயில் கிடந்தாள், இவள் இனி இந்த வேலைக்கு ஆகமாட்டாள் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள். ஆனால் நடக்க முடிந்ததும் அவளே போய்ப் பெரிய நர்ஸ் ஐரீன் அம்மா முன்னால் நின்று, முதலிலிருந்து பழகுகிறேன், புதுப் பெண்களோடு படுக்கைத் துணி மடிக்கிறேன் என்று கேட்டிருக்கிறாள். அந்தம்மாவும் பங்குனி வரைக்கும் பார்க்கிறேன், மறுபடி விழுந்தால் வீட்டோடு இருந்துவிட வேண்டும், உன் தகப்பன் சம்மதமும் வேண்டும் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டாள்.

எனக்கும் உன்னைப் போலப் பயம்தான் நைனா. போதும் வா என்று கூட்டி வந்துவிடத்தான் வெள்ளிக்கிழமை கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் வார்டில் காசிமேட்டில் மீன் விற்கிற பச்சையம்மா கிடந்தாள், உனக்குத்தான் தெரியுமே, அந்தப் பருமனுக்கு எந்த வாசலிலும் நேராக நுழைய மாட்டாள். வயிற்றில் கத்தி வைத்துக் கட்டி எடுத்திருக்கிறார்கள், மல்லாந்தே கிடந்து முதுகு புண்ணாகிவிட்டது, திருப்பிப் படுக்க வைத்து மருந்து போட வேண்டும். நம் சொக்கம்மாள் அந்தக் கட்டில் பக்கம் போனாள் பார், எனக்கு உயிரே இல்லை, அடியே வாணாம், இடுப்பு பூடும் என்று வாசலிலிருந்தே கத்திவிட்டேன். அதற்குப் பச்சையம்மா, இன்னாக்கா கத்திகினு கீற, என்னைத் தூக்க இந்தப் பொண்ணாலயா ஆவும், ஹார்பர்ல கீற கிரேனை இட்டாரச் சொல்லு என்றாள். வார்டே சிரித்தது, அவளும் சிரித்துவிட்டுத் தையல் வலியில் அழுதாள். சொக்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து, எம்மா, ஒரு கை குடு என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயில் நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண்ணைப் பச்சையம்மாவின் தோள் பக்கம் நிறுத்தி, தான் இடுப்புப் பக்கம் முழங்காலை மடித்து நின்று, அடியில் விரித்திருந்த துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அக்கா, உன்னை நான் தூக்கப் போறதில்ல, நீ தையலை அமுக்கிப் புடிச்சிக்கினு எங்களோட சேந்து திரும்பு என்றாள். சொல்லிவிட்டு மெல்ல ஐலசா என்றாள், நம் ஆட்கள் படகு இழுக்கிறபோது போடுகிற அதே ஐலசா. அடுத்த கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தவளும் ஐலசா என்றாள். அப்புறம் படுத்த படுக்கையாகக் கிடந்த அத்தனை பெண்களும் ஐலசா போட, மணலில் பதிந்த படகு அசைகிற மாதிரிப் பச்சையம்மா நோகாமல் திரும்பிவிட்டாள். நானும் பிறந்தது முதல் அந்தக் கரையைத்தான் பார்க்கிறேன், அந்த ஐலசாவை ஒரு நோயாளிக்குக் கொண்டு வரலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டா. சத்தம் கேட்டு ஐரீன் அம்மா ஓடி வந்தாள். திட்டத்தான் போகிறாள் என்று பார்த்தால், மருந்துத் தட்டைத் தானே எடுத்து நம் பெண் கையில் நீட்டினாள்.

வேலை முடித்துக் கை கழுவிக்கொண்டு அவள் என்னிடம் வந்தபோது, ஏனோ தெரியவில்லை, டாக்டரம்மா வந்தால் நிற்கிற மாதிரி எழுந்து நின்றுவிட்டேன். இன்னா ஆயா, எனக்கா எய்ந்து நிக்கிற, ஒக்காரு, அப்டி கத்துனா நோயாளிங்க பயந்துக்க மாட்டாங்களா என்று அதட்டினாள். யார் அதட்டியும் நான் வாயை மூடினவளா? அன்றைக்கு மூடிக்கொண்டேன். கூட்டி வரப் போனவள் கஞ்சிப் பாத்திரத்தை அவளிடம் கொடுத்துவிட்டுத் தனியாக வீடு வந்து சேர்ந்தேன்.

அதனால் மாப்பிள்ளை வீட்டாரிடம் கிழவி விடமாட்டேன் என்கிறாள் என்று என் பேரைச் சொல்லிவிடு, உனக்குப் பொல்லாப்பு வேண்டாம். தகப்பன் ஊரில் இல்லாவிட்டால் தகப்பனைப் பெற்றவள் கையெழுத்துச் செல்லுமா என்று ஐரீன் அம்மாவை அப்போதே கேட்டுவிட்டேன், செல்லும் என்றாள். ஐந்தாவது வரை படித்தவள், எனக்கொன்றும் கையெழுத்துத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இன்னும் போடவில்லை. அப்பா எய்துவாரு ஆயா, நீ போடாத என்று சொல்லிவிட்டு, தபால்காரன் வருகிற நேரமெல்லாம் உன் மகள் வாசலில் போய் நிற்கிறாள்.

செல்லம்மாவை ஈரத் தலையோடு படுக்க வேண்டாம் என்று சொல். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். பங்குனி பிறப்பதற்குள் உன் பதில் வந்து சேர வேண்டும், மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
கெங்கம்மா