இரண்டு இஞ்ச் விடாமல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், என் தையல் மெஷின் நலம், உன் அம்மாவின் வாய் எங்கள் இருவரையும் விட நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் இரண்டு வயது வாலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் ஊருக்கு வந்து இறங்கும் அன்று விமான நிலையத்துக்கு வரப் பக்கத்து வீட்டு டாக்சிக்காரரிடம் சொல்லிவிட்டேன். பேத்திக்குக் கார் சீட் வேண்டும் என்றாயே, அன்றைக்கே போய் வாங்கியும் வந்தேன், ஏழு வயதுப் பிள்ளை உட்காரும் சீட்டாகப் பார்த்து. வளர்கிற பிள்ளை ஆயிற்றே, ஐந்து வருடத்துக்குக் கவலை விட்டது என்று நினைத்தேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒண்ணாம் வகுப்புல நம்ம பொண்ணுக்கு நீங்க தைச்ச ஸ்கூல் கவுன் மூணாம் வகுப்புலதானே முழங்காலுக்கு ஏறுச்சு, இன்னும் அந்தப் புத்தி போகலையே என்றாள். நானும் விடவில்லை, என் தையல் கடையில் இரண்டு வயது கவுன் மாட்டி நிற்கும் குழந்தை பொம்மையைத் தூக்கிப் போய் டாக்சியில் அந்தச் சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டேன். தோளில் விழ வேண்டிய பெல்ட் நேராகக் கழுத்தில் விழுந்தது. தெருமுனையில் டாக்சிக்காரர் லேசாகத்தான் பிரேக் போட்டார், பொம்மை அடிவழியாக வழுக்கிக் கீழே போய்விட்டது. அவர் சிரித்தார். நான் அங்கேயே சீட்டைக் கழற்றிவிட்டேன் கண்ணு. நாற்பது வருடம் தோள் அளவு எடுத்தவன் நான்.

மறுநாளே மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது அவள் பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட், தோள், இடுப்பு, நடு என்று ஐந்து வார். மாட்டிய பிறகு வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாதாம், இரண்டு இஞ்ச் தளர்வு விட்டே தைத்துப் பழகிய கைக்கு இது புதுசு. நான் பஞ்சு வைத்துத் தைத்து அனுப்பிய கோட்டைக் காரில் அவளுக்குப் போட்டுவிடாதே, அதன் மேல் வார் இறுகாது, வாரை மாட்டிவிட்டு மேலே போர்த்திவிடு. காலை மடக்கி உட்கார்கிறாளே என்று அவசரப்பட்டு முன்பக்கம் திருப்பாதே, மடங்கினால் மடங்கட்டும், வளர வளர ஒவ்வொரு சீட்டாக மாற்றிக்கொள்ளலாம்.

மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். மூவருக்கும் எங்கள் ஆசிகள். மறக்காமல் வாலைச் சுவரோரம் நிறுத்தி உயரமும் எடையும் பார்த்து எழுது, போனில் முகத்தைப் பார்த்து அளவெடுக்க எனக்கு வரவில்லை. வளர்கிற பிள்ளை என்று நீயாக ஒரு இஞ்ச்கூடச் சேர்க்காதே. இன்றைக்கு எவ்வளவோ அவ்வளவு போதும். மிச்சம் இங்கே வந்து எங்கள் கண் முன்னால் வளரட்டும்.

இப்படிக்கு,
அளவு தப்பிய டெய்லர்,
உன் அப்பா